லெயோன் மச்சாதுவின் மூச்சு

சிப்பித்துறையில் காலையில் படகேறும் முன், முக்குளிப்பவர்கள் வரிசையில் நின்று லெயோன் மச்சாதுவின் மூச்சை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். லெயோன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊழியர் தட்டிலிருந்து நாணயம் அளவுள்ள ஒரு கறுப்பு வில்லையை எடுத்து நீட்டுவார். வாங்குபவர் அதை வலப்பக்க விலாவின் மேல், உடுப்பில் அதற்கென்றே தைத்திருந்த பையில் செருகிக்கொள்வார். கடலில் இறங்கிய சிறிது நேரத்தில் அவருடைய சொந்த மூச்சு அடங்கிவிடும். இறந்தவரின் மூச்சு அவர் மார்பை ஏற்றி இறக்கத் தொடங்கும்.

அந்த ஊரின் தாழ்ந்த பாதி ஒரே புயலில் கரையோடு சரிந்து கடலுக்குள் போயிருந்தது. தெருக்கள், மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூடம் எல்லாம் பதினைந்து இருபது மீட்டர் ஆழத்தில் சற்றே சாய்ந்து நின்றன. மிஞ்சிய பாதியை அலையிலிருந்து காக்க, முழுகிய வீடுகளின் மொட்டைமாடிகளில் பவளம் நட்டுச் சுவராக வளர்த்தார்கள். முதலில் இயந்திரக் கைகளை இறக்கிப் பார்த்தார்கள். அவை பவளக் கன்றுகளை நசுக்கிவிட்டன. மனித விரல்தான் வேண்டியிருந்தது.

விரலோடு நுரையீரலும் சேர்ந்து இறங்கியாக வேண்டும் என்பதுதான் தொல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு மூச்சு, கரையில் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. புதிதாக வருபவருக்கு இது போதாதென்று வேறு செலவுகளும் உண்டு. தேவைக்கு மேல் ஈயம் கட்டிக்கொள்வார். அது காலை இழுக்கும். உடல் சாய்வாக நிற்கும். நிமிர்வதற்காக உடுப்பில் காற்றை ஏற்றுவார், இறக்குவார். கையைத் துழாவுவார். முகக்கண்ணாடிக்குள் சொட்டு நீர் வந்தாலும் பதறுவார். அனுபவசாலியோ மீனைப்போலப் படுத்துக்கொண்டு தொடையை மட்டும் அசைப்பார். ஒரே அளவு சிலிண்டரில் ஒருவர் அரை வேலையோடு மேலே வர, இன்னொருவர் முழு வேலையும் முடித்து, மீன்களை வேடிக்கை பார்த்துவிட்டு வருவார். எப்போதும் இருவர் இருவராகத்தான் இறங்குவார்கள். ஒருவருக்குக் காற்று குறைந்தால் மற்றவரும் ஏறிவிட வேண்டும் என்பது சட்டம்.

அனுபவம் வரும்வரை காத்திருக்க, இந்த வேலையை நடத்திய பவள நாற்றங்கால் நிர்வாகத்துக்குப் பொறுமையில்லை. அதற்காக வந்ததுதான் மூச்சிழை. உதரவிதானத்தை அசைக்கும் நரம்போடு முடியைவிட மெல்லிய ஒரு இழையைப் பிணைத்துவிடுவார்கள். வில்லையில் பதிந்திருக்கும் தாளத்தை அந்த இழை நரம்புக்குச் சொல்லும். பத்துப் பன்னிரண்டு மூத்தவர்களின் மூச்சைப் பதிந்து பார்த்ததில் லெயோன் மச்சாதுவுக்கு இணையாக யாரும் இல்லை. மற்றவர்களுக்குத் தேவைப்பட்ட காற்றில் பாதிகூட அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பதிவுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தார்கள்.

டெல்பின் வாஸுக்கு இழை பொருத்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அது நரம்போடு முழுதாகப் பிணைய ஓராண்டு பிடிக்கும். ஆகவே லெயோனின் மூச்சு அவளிடம் விட்டுவிட்டுத்தான் பிடித்தது. ஒரு மீன் திடீரென்று குறுக்கே வந்தால் போதும், அவளுடைய சொந்த மூச்சு குபுக்கென்று கிளம்பிவிடும். படகில் அவளுக்குக் காற்றுத்தின்னி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளால் தினமும் பாதி வேலையில் மேலே வரவேண்டியிருந்தது அவளுடைய இணை ஜெசிந்தாவுக்கு. ஜெசிந்தா டெல்பினின் அண்ணன் கஸ்பாரின் மனைவி.

"மதினி, என்னால ஒனக்கும் வேல கெடுது. அடுத்த மாசம் என்னய ஐஸ் பெட்டி தூக்க அனுப்பிருவாவ" என்றாள் டெல்பின் ஒருநாள், படகில் உடுப்பைக் கழற்றிக்கொண்டே.

"அனுப்புனா போ" என்றாள் ஜெசிந்தா. கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை.

டெல்பினுக்கு அதுதான் உறுத்தியது. அவளுக்குத் தெரிந்த ஜெசிந்தா வேறு. கல்யாணமான புதிதில் மீன்காரியோடு ஆரம்பித்த சண்டையைப் பங்குச்சாமியார் வரைக்கும் கொண்டுபோனவள். சிரித்தால் அடுத்த தெருவில் கேட்கும். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டை நகர்த்திவிட்டு, குறைந்த காரணத்தைக் கேட்பாள். மூன்று ஆண்டுகளாக லெயோனின் மூச்சை மாட்டிக்கொண்டு கடலுக்குள் போய்வந்தாள். கரையில் வில்லையைக் கழற்றிக் கொடுத்த பிறகும் மார்பு பழகிய தாளத்திலேயே ஏறி இறங்கியது. கணவன் குடித்துவிட்டு வந்தால் கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். மகன் கணக்கில் தோற்றுவிட்டு வந்தான். தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒங்க மதினிக்கு இப்பத்தாம்ட்டி பக்குவம் வந்திருக்கு" என்று கஸ்பார் பெருமையோடு சொன்னான். தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஜெசிந்தாவின் அம்மாகூட மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

இன்னொன்றும் டெல்பினை உறுத்தியது. கடலுக்குள் போய்ப் பாதி வேலை ஆகும்போது, லெயோனின் மூச்சு ஓரிடத்தில் நின்றுவிடும். இழுப்பும் இல்லாமல் விடுவதும் இல்லாமல் சற்று நேரம் அப்படியே நிற்கும். பிறகு இரண்டு துண்டாக உடைந்து உள்ளே போகும். ஒரே படகில் வந்தவர்களுக்கு அது ஒரே சமயத்தில் நிகழும். நீலத்துக்குள் அங்கங்கே மாடிகளில் குனிந்திருக்கும் முப்பது பேரும் ஒன்றாக அசைவற்றுப் போவார்கள். முப்பது இடங்களில் குமிழிகள் நின்றுவிடும். கடல் முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. பிறகு முப்பது மார்புகளும் இரண்டு முறை விம்மும், வேலை தொடரும்.

பயிற்சி கொடுத்த மரியதாஸிடம் அவள் கேட்டாள். "அதுவா? அனுபவப்பட்டவங்க நடுவுல ஒருக்கா நின்னு, தான் எங்க இருக்கோம்னு சரிபாப்பாங்க. அதான்" என்றார் அவர். படகில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கம்கூடத் தேவைப்படவில்லை. "அண்ணாச்சி யோசிக்காரு" என்பார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை. மழை வரப்போகிற வானம். கீழே வெளிச்சம் சாம்பல் பூத்திருந்தது. டெல்பினும் ஜெசிந்தாவும் பக்கத்துப் பக்கத்து மாடிகளில் நட்டுக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த கன்றை நட்டுவிட்டு டெல்பின் காற்றுமானியைப் பார்த்தாள். முள் சிவப்பை நெருங்கிவிட்டது. வழக்கம்போல மன்னிப்புக் கேட்கும் சாடையோடு திரும்பினாள். ஜெசிந்தா அங்கே இல்லை.

இரண்டு வீடு தள்ளி, ஒரு மொட்டைமாடியின் தண்ணீர்த்தொட்டித் திண்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. கூடை கவிழ்ந்து கன்றுகள் தரையில் சிதறிக் கிடந்தன. டெல்பின் நீந்திப்போய், ஏறலாம் என்று கட்டைவிரலை மேலே காட்டினாள். ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். எல்லாம் நலம் என்ற சாடையைக் காட்டினாள். எழுந்திருக்கவில்லை.

டெல்பின் கத்தியின் பிடியால் சிலிண்டரில் தட்டினாள். தோளைப் பிடித்து இழுத்தாள். ஜெசிந்தா முரண்டு பிடிக்கவில்லை; உதறவும் இல்லை. தொட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தில் பயம் இல்லை, துக்கமும் இல்லை. பஸ் வரும்வரை நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம் அது. அவளுடைய காற்றுமானியில் முள் பாதிக்கு மேல் நின்றது.

டெல்பினுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் மார்பு கத்துவதற்கு ஏற்றபடி அசையவில்லை. அந்த நேரம் பார்த்து இழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. லெயோனின் மூச்சு நீளமாக உள்ளே வந்தது, நீளமாக வெளியே போனது. அந்த நீளத்தில் பதற்றம் கரைந்துகொண்டே போவதை அவளே உணர்ந்தாள். எதற்கு இழுக்கிறோம்? இங்கே குளிர் இல்லை, சத்தம் இல்லை. சற்று உட்கார்ந்தால் என்ன? திண்டில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. அவள் கை தானாகவே ஜெசிந்தாவின் தோளை விட்டது.

அப்போதுதான் மூச்சு நின்றது.

வழக்கமான நிறுத்தம்தான். டெல்பினும் ஜெசிந்தாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி அசைவற்று இருந்தார்கள். கீழே சந்தில் யாரோ நிற்பதுபோல இருந்தது. பார்க்கத் துணிவில்லை. பிறகு இருவர் மார்பும் ஒன்றாக, இரண்டு துண்டாக விம்மின. அத்தனை அருகில், வேறொரு முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை அவள் ஒருநாளும் அனுபவித்ததில்லை. ஜெசிந்தாவின் தோள்கள் குலுங்கியதைக் கண்டாள். இடம் சரிபார்ப்பவர் தோள் அப்படிக் குலுங்காது. அது அழுகை. அழக்கூடாது என்று அடக்கி, அடங்காமல் உடைந்த அழுகை. கண்ணீர் மட்டும்தான் இல்லை, ஏனென்றால் கண் வேறொருவருடையது.

டெல்பின் தன் விலாவிலிருந்து வில்லையைப் பிய்த்து எறிந்தாள்.

அவளுடைய மூச்சு, அந்தக் கெட்ட பெயரெடுத்த மூச்சு, அணை உடைந்ததுபோல வந்தது. குமிழிகள் கண்ணை மறைத்தன. இதயம் காதுக்குள் அடித்தது. ஜெசிந்தாவின் வில்லையையும் பிடுங்கினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெசிந்தாவின் மார்பு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. பிறகு அவள் கண்கள் அகன்றன. எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்ததுபோலக் கீழேயும் மேலேயும் பார்த்தாள். கம்பியை விட்டாள். டெல்பினின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

பாதித் தூரம் ஏறுவதற்குள் டெல்பினின் சிலிண்டர் காலியானது. ஜெசிந்தாவின் உடுப்பில் தொங்கிய உபரி ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். இறந்தவர் இரண்டு பேருக்குச் சேமித்து வைத்திருந்த காற்றை உயிரோடிருந்த இருவரும் அள்ளி அள்ளிக் குடித்தார்கள். நேராக மேலே ஏறிவிட முடியாது. ரத்தத்தில் கரைந்த வாயு வெளியேற, ஐந்து மீட்டரில் சற்று நிற்க வேண்டும். அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். டெல்பின் மூடவில்லை.

படகில் ஏற்றியதும் ஜெசிந்தா நடுங்கினாள். பல் கிட்டித்துப்போய் முதலில் பேச்சு வரவில்லை. வந்ததும், "குளுருதுட்டி" என்றாள். மூன்று ஆண்டுகளில் அவள் குளிருகிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. படகுக்காரன் ஒரு போர்வையைக் கொண்டுவந்தான். "நாத்தம் புடிச்ச போர்வய நீ போத்துவியால?" என்று அவன்மேல் எறிந்தாள். பிறகு அதையே எடுத்துப் போர்த்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நிர்வாகம் விசாரணை வைத்தது. அதற்கு முன்பே இரண்டு பேர் பாதிக் காற்றோடு கடலுக்குள் செத்துப்போயிருந்தது அப்போதுதான் டெல்பினுக்குத் தெரியவந்தது. இருவருக்கும் மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிட்டிருந்தார்கள். அவள் அதைக் கேட்டபோது, மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. "காத்துத்தான் மிச்சம் இருந்துச்சேம்மா. அப்ப கருவி ஒழுங்காத்தானே வேல செஞ்சிருக்கு?" என்றார் ஒருவர்.

லெயோனின் மனைவி மெர்சலின் மேட்டுத்தெருவில் தனியாக இருந்தார். நாற்றங்காலுக்கு வலை பின்னிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. அந்த விம்மலுக்குக் காரணம் கேட்க டெல்பின் போனபோது அவர் கதவைப் பாதி திறந்து, அவள் மார்பைத்தான் முதலில் பார்த்தார்.

"நீ அவிய மூச்ச மாட்டிட்டா வந்திருக்க?"

"இல்லக்கா. கழட்டிப் போட்டுட்டேன்."

"அப்ப உள்ள வா."

வலைநூல் கண்டுகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். டெல்பின் நடந்ததைச் சொன்னாள். மெர்சலின் குறுக்கிடாமல் கேட்டார். அந்த நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நூலைக் கீழே வைத்தார்.

"பாதி வேலையிலன்னா சொல்லுத? அவிய பதிவு எடுத்த அன்னிக்கு ஏலக்கூடத்துல ஆரம்பிச்சு சங்குத்தெரு வரைக்கும் நட்டாவ. நடுவுல முங்கிப்போன எங்க வீடு இருக்கு."

மெர்சலின் மடியிலிருந்த வலையை ஒதுக்கி வைத்தார்.

"எங்களுக்கு ஒரு பிள்ள இருந்தா. ஜூடித். புயலன்னிக்கு அவிய கையிலதான் இருந்தா. அவிய கையிலருந்துதான் போனா. நிதானமாம், நிதானம். எங்க கல்யாணத்தப்ப அவிய மூச்சு எப்படி இருக்கும் தெரியுமா? முக்குளிக்கிறதுல அவியளுக்கு மேல ஆளு கெடையாது, ஆனா ஒன்னயப்போலத்தான், காத்த அள்ளிக் குடிப்பாவ. சங்கு ஒண்ண பெருசா பாத்துட்டா சந்தோசத்துலயே பாதி சிலிண்டரு தீந்துரும். படகுல எல்லாரும் ஏசுவாவ. பிள்ள போனப்பொறவுதான் அப்படி ஆனாவ. வீட்டுலயும் அதே மூச்சுதான். சாப்புடுங்கன்னா சாப்புடுவாவ. படுங்கன்னா படுப்பாவ. நான் மாரடிச்சு அழுதேன், அவிய அழல. ஊரே சொல்லிச்சு, மனுசன் எவ்வளவு தைரியமா இருக்காரு பாருன்னு. அப்பதான் மிசினத் தூக்கிட்டு ஆபீசுல இருந்து வந்தாவ."

"நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"என்னத்தச் சொல்ல? எனக்கே தெரியாதே. நானும் தைரியம்னுதான் நெனச்சேன். பதிவு எடுத்து நாலு மாசத்துல ஒருநா அவிய மேல வரல. தேடிப்போய்க் கொண்டுவந்தாவ. எங்க வீட்டு வாசப்படியில ஒக்காந்திருந்தாவளாம். சிலிண்டர்ல பாதிக் காத்து அப்படியே கெடந்துச்சு."

கடலில் கிடைத்த எதையும் தூக்கிப் போடாத ஊர் அது. வாழ ஆசையற்றுப்போன ஒரு மனிதனின் மூச்சையும் அது எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டது. உபயோகமாக இருந்ததே காரணம். மூச்சு நினைவைச் சுமந்துவரவில்லை. அவருடைய மகளின் முகத்தை அது யாருக்கும் காட்டவில்லை. ஆனால் ஒரு உடல் தினமும் எப்படி மூச்சுவிடுகிறதோ, நாளடைவில் மனமும் அதற்குப் பொருத்தமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. காரணம் இல்லாமலே முந்நூறு பேர் லெயோனின் துக்கத்துக்குள் குடியேறியிருந்தார்கள்.

மெர்சலின் நிர்வாகத்திடம் வந்து அதையே திரும்பச் சொன்னார். ஜெசிந்தா பேசினாள். பேசினாள் என்பதைவிடச் சண்டை போட்டாள் என்பதே சரி. கட்டிடத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களும் கேட்டார்கள். இறந்துபோன இருவரின் குடும்பங்களும் வந்தன. மாதக் கடைசிக்குள் முக்குளிப்பவர்களிடமிருந்து வில்லைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பின் படகுகள் சிரமப்பட்டன. முதல் சில வாரங்களில் எல்லோருமே காற்றுத்தின்னிகளாக இருந்தார்கள். மரியதாஸ் வேறு வழியின்றி உண்மையிலேயே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். டெல்பினின் இடுப்பிலிருந்து ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கட்டிகளில் பாதி அவளுக்குத் தேவையில்லாதவை. முகக்கண்ணாடியை மாற்றினார்கள், ஒழுகல் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகினாள். முகத்துக்கு நேரே மீன் வந்தால் அது ஒரு மீன் என்று மெல்லத் தெரியத் தொடங்கியது. அடுத்த கோடைக்குள் அவள் தன் சொந்த மூச்சிலேயே வேலையை முடித்துக்கொண்டு ஏறினாள். ஜெசிந்தாவுக்குத்தான் காற்று போதவில்லை. அவள் ரெகுலேட்டருக்குள்ளேயே பவளக் கன்றுகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முந்நூறு வில்லைகளையும் பதிவையும் ஒரு கருவி நிறுவனம் வாங்கிக்கொண்டது. கடலில் ஆபத்து என்பது, அணிந்தவர் மேலே வர மறப்பதுதான். கரையில் யாரும் மேலே வரவேண்டியதில்லை. எங்கே உட்கார வைத்தார்களோ அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் கரையில் பெரும்பாலான வேலைகளுக்குத் தேவை. இழையை இப்போது ஊசியில் ஏற்றிவிட முடிந்தது. பத்து நாளில் பிணைந்துவிடும். முதலில் புகார் கேட்கும் அலுவலகங்களின் ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு பேருந்து ஓட்டுநர்களுக்கு, ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருப்பவர்களுக்கு, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு. தீபாவளிக்குக் குடும்பப் பொதி வந்தது. பெட்டியில் ஒரு தாமரையும், புன்னகைக்கும் நான்கு முகங்களும் இருந்தன.

கஸ்பார் ஒன்றை வாங்கிவந்தான். "வீட்டுல இருக்கும்போது மட்டும் மாட்டு போதும்" என்று மனைவியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். ஜெசிந்தா அதற்குச் சொன்ன பதிலைத் தெரு மிகவும் ரசித்தது. பெட்டி வாசலில் வந்து விழுந்தது. கஸ்பார் அதைப் பொறுக்கிக்கொண்டுபோய் இரண்டு நாள் யோசித்தான். பிறகு ஊசியையும் போட்டுக்கொண்டு தானே மாட்டிக்கொண்டான்.

குடி நின்றது. குரல் உயரவில்லை. கேட்டதை வாங்கிவந்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜெசிந்தாவைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவள் ஒரு மாதம் பொறுத்துவிட்டு டெல்பினைத் தேடி வந்தாள்.

"நான் ஏசுனா ஏசுத வரைக்கும் கேட்டுக்கிட்டு நிக்காருட்டி. மூஞ்சிக்கு நேரா கைய நீட்டுனேன், அந்தக் கையவே பாக்காரு. வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு. படுத்தா தூக்கம் வரல. பக்கத்துல மூச்சு வருது பாரு... எனக்குத் தெரியாத மூச்சா அது? மூணு வருசம் என் நெஞ்சுக்குள்ள இருந்ததுதான? திரும்பிப் பாக்கப் பயமா இருக்குட்டி. ஒங்க அண்ணனா படுத்திருக்கிறது?"

"கழட்டச் சொல்லு மதினி."

"சொன்னேன். சரின்னாரு. கழட்டுனாரு. காலையில பாத்தா மறுபடி மாட்டிருக்காரு. ஏன்னு கேட்டா, தெரியலங்காரு."

மெர்சலினுக்கு அதைவிட மோசமாக இருந்தது. அவர் வெளியே போவதை விட்டுவிட்டார். பேருந்தில் அவருக்குப் பின்னிருக்கையில் கணவர் உட்கார்ந்திருந்தார். ரேஷன் கடை வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்றார். கோவிலில் பூசை மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக மாட்டிக்கொள்ள, எல்லாப் பெஞ்சுகளிலிருந்தும் அவர் மூச்சு வந்தது. அது நின்று, பின் உடைந்து விம்மியபோது, பாடகர் குழுவும் பாதிப் பாட்டில் நின்றது; சாமியார் முதற்கொண்டு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு தடவ செத்தவர நான் எத்தன தடவ பாக்கணும்?" என்று அவர் டெல்பினிடம் கேட்டார்.

டெல்பின் அவரை அழைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாள். பெரிய கூடம். நாற்காலிகள் நிறைய மக்கள் இருந்தார்கள். ஆனால் இருமல் சத்தம்கூட இல்லை. யாரும் எண் வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. அவர்களுடைய முறை வந்ததும் ஒரு அதிகாரி முன் உட்கார்ந்தார்கள். நடுவயதுக்காரர், மரியாதையானவர். டெல்பின் எல்லாவற்றையும் சொன்னாள். கடலில் செத்தவர்களைச் சொன்னாள், ஜெசிந்தாவைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள். அதிகாரி இமைகூட அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தான்கள் மிக மெதுவாக ஏறின, மிக மெதுவாக இறங்கின. மெர்சலின் அந்தப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றதுல உங்க கவலை தெரியுதும்மா" என்றார் அதிகாரி. "நாங்களும் கவனமாத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். இன்னைக்கு நாட்டுல நாலு கோடிப் பேர் இதை மாட்டியிருக்காங்க. மாட்டினவங்க ஒருத்தர்கிட்ட இருந்துகூட இதுவரைக்கும் புகார் வரலை. ஒரே ஒரு புகார்கூட. எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

மெர்சலின்தான் பேசினார். அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல், அவர் மார்போடு பேசுவதுபோல, தணிந்த குரலில் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரவியளும் ஒருநா ஒருபொழுது ஒரு கொற சொன்னதில்ல சார்."

அதிகாரி திருப்தியோடு தலையசைத்தார்.